இரண்டாம் பெஞ்சு எழுதிக் கொடுத்த வாக்கியம்

ஒன்பதாம் வகுப்புக்கு உவமைத்தொடர் நடத்திய நாள். கரும்பலகையில் ஐந்து தொடர்களை எழுதிப் போட்டு, "ஒவ்வொன்றுக்கும் சொந்தமா ஒரு வாக்கியம் எழுதுங்க, கையேட்டைப் பார்த்து எழுதினா மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது தொடர் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு போல’. இருபது வருடமாக நடத்துகிற பாடம் என்பதால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாற்பது நோட்டில் முப்பத்தெட்டில், அம்மா சொன்ன அறிவுரை தம்பிக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு போல ஆகியிருக்கும்.

அன்று ஒரு நோட்டில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ‘ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவது எனக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு போல இருக்கிறது.’

ஒற்றுப்பிழைகூட இல்லை. எழுதியவள் இரண்டாம் பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண். இரண்டு காதிலும் மெஷின் போட்டிருப்பாள். அவள் கோபமாக எழுதினாளா, சாதாரணமாக எழுதினாளா என்று இன்று வரை நான் கேட்டதில்லை. முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதி, அது சரியாகப் படாமல் அடித்துவிட்டேன்.

தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். மாற்றுத்திறனாளிகள் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. பக்கத்து ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர், 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். சக்கர நாற்காலி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிய பொருள் இல்லை. இருந்தும் வகுப்பில் கூடவே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் எப்படிப் பேசுவது என்பது பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிடாமல், மதிய உணவு முடிந்து வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்டேன். "நான் என்ன பண்ணினா உனக்கு வசதியா இருக்கும்?" அவள் யோசிக்கவே இல்லை, பட்டியலே வைத்திருந்தாள். எழுதும்போது பேச வேண்டாம். எழுதிவிட்டுத் திரும்பிப் பேசினால் போதும். சன்னலுக்கு முன்னால் நின்றால் வெளிச்சம் பின்னால் இருந்து வந்து என் முகம் இருட்டாகத் தெரிகிறது, உதடு தெரியவில்லை. புத்தகத்தை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. புரியவில்லை என்றால் அதே வார்த்தையைச் சத்தமாகத் திரும்பச் சொல்வதில் பயன் இல்லை, வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். மெஷின் எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்குகிறது, என் குரலோடு மின்விசிறியின் சத்தத்தையும் சேர்த்து. அப்புறம், முதல் பெஞ்சுக்கு மாற்ற வேண்டாம். இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்தால் கொஞ்சம் திரும்பி, பேசுகிற மற்ற பிள்ளைகளின் முகத்தையும் பார்க்க முடிகிறது. நானோ அதற்கு முந்தைய வாரம்தான், நல்லது செய்வதாக நினைத்து, அவளை முதல் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தேன்.

உதடு பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு சிரமம் என்பதை வகுப்புக்குக் காட்ட ஒரு விளையாட்டு வைத்தேன். குரல் வராமல் "பாலை", "மாலை" என்று இரண்டையும் சொல்லி, எது எது என்று கேட்டேன். வகுப்பே திணறியது. ப, ம இரண்டுமே இதழ்கள் ஒட்டிப் பிறக்கும் எழுத்துகள். பிறப்பியலில் நானே நடத்தியிருக்கிறேன், "மீகீழ் இதழுறப் பம்மப் பிறக்கும்" என்று. உதட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், முன்பின் வாக்கியத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ‘பணம் வந்தது’, ‘மணம் வந்தது’ என்று தனித்தனியாகச் சொல்வதை எழுதச் சொல்லி, அவளுக்குப் பத்துக்கு நான்கு போட்டது நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் தனிச்சொல்லாக எழுதச் சொல்வதில்லை. முழு வாக்கியமாகச் சொல்கிறேன், முகத்தைக் காட்டிச் சொல்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் அதில் மதிப்பெண் கூடியிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் மூவாயிரம் சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது, பின்பு அதைப் பத்தாயிரமாக வளர்த்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் காணொளி உண்டு. அதைப் பார்த்து வணக்கம், நன்றி, சாப்பிட்டாயா என்று பதினைந்து சைகைகளை வகுப்புக்கே கற்றுக்கொடுத்து, ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரையும் எழுந்து நின்று அவளைப் பார்த்து வணக்கம் காட்டச் சொன்னேன். அவள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "டீச்சர், எனக்கு சைகை தெரியாது." சின்ன வயதிலேயே மெஷின் போட்டுப் பேச்சுப் பயிற்சிக்குப் போனவள் அவள், வீட்டில் எல்லோரும் வாயால்தான் பேசுகிறார்கள். காது கேளாதவர் என்றால் சைகை தெரிந்திருக்கும் என்பது என் முடிவு, அவளிடம் யாரும் கேட்கவில்லை. சைகை மொழி மோசமான பாடம் என்று சொல்லவில்லை. பல பேருக்கு அதுதான் தாய்மொழி. ஆனால் முதல் நாள் வேப்பமரத்தடியில் கேட்ட நான், மறுவாரம் கேட்கவில்லை.

டிசம்பர் 3 கதையும் இதே மாதிரிதான். மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு வழக்கமாக ஒரு பேச்சுப்போட்டி, ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி. அந்த வருடம் பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி வராந்தாவில் நடக்க வைத்தோம். முதலில் சிரிப்பு, பிறகு தூணில் ஒருவன் முட்டிக்கொண்டான், பிறகு பயம். கடைசியில் என்ன தோன்றியது என்று எழுதச் சொன்னால், பெரும்பாலும் ‘ஐயோ பாவம்’, ‘கடவுள் நமக்குக் கண்ணைக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்’.

அன்று சிறப்பு விருந்தினராக வந்தவர் பக்கத்து ஒன்றியத்தில் வரலாறு நடத்தும் ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். படித்தது பாளையங்கோட்டையில், அதாவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கிய ஊரில். நாங்கள் கண்ணைக் கட்டி விளையாடியதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நீச்சல் தெரியாதவனைக் கிணத்துல தள்ளிட்டு, தண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேட்கிற மாதிரி இருக்கு டீச்சர். நான் நாற்பது வருஷமா நீந்திக்கிட்டு இருக்கேன். அதைக் கேளுங்களேன்."

கேட்டார்கள். எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவரே சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். பணத்தை எப்படி சார் கண்டுபிடிப்பீங்க என்றான் ஒருவன். அவர் சட்டைப்பையில் இருந்து நோட்டுகளை எடுத்தார். 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளத்தில்தான் வித்தியாசம்: 142, 146, 150. நாலு நாலு மில்லிமீட்டர். விரலுக்கிடையில் மடித்து வைத்துப் பார்த்து மூன்றையும் சரியாகச் சொன்னார். 500 ரூபாயின் ஓரத்தில் மேடாக ஐந்து கோடுகள் உண்டு, 200க்கும் 100க்கும் நான்கு. "புது நோட்டுல தெரியும். நம்ம ஊர் மீன் மார்க்கெட்டுக்கு நாலு தடவை போயிட்டு வந்த நோட்டுல கோட்டைத் தேடணும்." ரிசர்வ் வங்கி 2020இல் மணி என்று ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது, நோட்டைக் கேமரா முன்னால் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். பிள்ளைகள் உடனே தங்கள் பைகளைத் துழாவிப் பத்து ரூபாய்களை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்கள்.

அவருடைய கைபேசி திரையில் இருப்பதை வாசித்த வேகத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர் அதைக் கேட்டபடியே குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினார். பிரெய்ல் எழுதும் பலகையையும் ஊசியையும் கொடுத்தார். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். தமிழ் ‘க’வுக்கும் இந்தி ‘க’வுக்கும் ஒரே புள்ளிகள்தான் என்றதும் ஒரு பையன், "அப்போ இந்தி ஈஸி சார்" என்றான்.

அவரோடு நடப்பது எப்படி என்பதை அவரே பழக்கினார். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ‘உதவி வேணுமா சார்’ என்று கேட்டு, வேண்டும் என்றால் முழங்கையை நீட்ட வேண்டும். முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். ‘படி’ என்றால் போதாது, ஏறுகிற படியா இறங்குகிற படியா என்று சொல்ல வேண்டும். ‘அங்க இருக்கு சார்’ என்று கையைக் காட்டுவதில் அர்த்தமே இல்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சொல்லாமல் நழுவக் கூடாது. "எத்தனையோ தடவை காலி நாற்காலிகிட்ட அரசியல் பேசியிருக்கேன்" என்றார். தட்டில் எது எங்கே என்பதைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லலாம்: மூன்று மணிப் பக்கம் கூட்டு, ஒன்பது மணிப் பக்கம் முட்டை. ஒரு மாணவி, "இலையில் சாப்பிட்டால் சார்?" என்றாள். "இலைன்னா நீ எதுக்கு? உப்பும் ஊறுகாயும் எந்த மூலையில இருக்கும்னு எனக்கே தெரியுமே."

போகும்போது நான் மேடையில், ‘பார்வை மாற்றுத்திறனாளியான நம் விருந்தினர்’ என்று நன்றி சொன்னேன். காரில் ஏறும்போது அவர் மெதுவாக, "பார்வையற்றவர்னே சொல்லுங்க டீச்சர். மாற்றா ஒரு திறன் இருக்குன்னு எல்லாரும் நினைச்சுக்கிறாங்க. எனக்குக் கொஞ்சம் சதுரங்கம் வரும், அதுலயும் தோத்துருவேன்" என்றார். அவருக்கு அப்படி, வேறொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஊனமுற்றோர் என்ற சொல் அரசுப் பெயர்ப்பலகைகளில் இருந்து 2010இல் போய், மாற்றுத்திறனாளிகள் வந்ததைப் பெரிய மாற்றமாகக் கொண்டாடியவர்களும் இருக்கிறார்கள். பொதுவில் பேசும்போது மாற்றுத்திறனாளி, ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் எப்படி விரும்புகிறாரோ அப்படி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை விளையாட்டு மைதானம் எனக்குக் காட்டிவிட்டது. பேச்சுப்போட்டி முடிந்த மறுவாரம், பந்தைத் தவறவிட்ட ஒருவனைப் பார்த்து இன்னொருவன் கத்தினான்: "ஏலேய் மாற்றுத்திறனாளி, கண்ணு தெரியலையால?" முன்பு ‘நொண்டி’, ‘குருடா’ என்று திட்டிய அதே தொனி, சொல் மட்டும் மரியாதையானது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில், மாற்றுத்திறனாளிகளைக் காட்சி ஊடகங்களில் சித்திரிப்பது பற்றி வழிகாட்டுதல் தந்தது. குறைபாட்டைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று அதில் பிரித்திருக்கிறார்கள். வரலாற்று ஆசிரியரின் மீன் மார்க்கெட் நோட்டுக்கும் இந்தக் கத்தலுக்கும் உள்ள தூரம் அதுதான். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டியபோது வகுப்புக்குச் சட்டென்று பிடிபட்டது, நீதிமன்றத்தை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு நான் எனக்குத் தெரிந்த இடத்துக்குத் திரும்பினேன். தமிழுக்கு. ஒரு வாரம் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுகிற, உடல் குறையையோ மனநலக் குறையையோ வைத்துப் பேசுகிற தொடர்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். நொண்டிச்சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டுப் பாடம், ஊமைக்காயம், ஊமை வெயில், முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது, ஊமை கண்ட கனவு. அதிகமாக வந்தது ‘லூசு’. ஒரு பெண் அதற்கு எதிரே எண்ணிக்கையும் போட்டிருந்தாள்: அப்பா 6, அண்ணன் 11, டீச்சர் 2. அந்த இரண்டையும் நான் எப்போது சொன்னேன் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஈடாக வேறென்ன சொல்லலாம் என்று தேடியதுதான் அந்த வருடத்தின் நல்ல வகுப்பு. செவிடன் காதில் ஊதிய சங்குக்கு ‘விழலுக்கு இறைத்த நீர்’ ரெடியாக இருக்கிறது. நொண்டிச்சாக்குக்குச் சப்பைக்கட்டு, கொம்புத்தேனுக்கு எட்டாக்கனி, குருட்டுப் பாடத்துக்கு உருப்போடுதல். குருட்டு நம்பிக்கைக்குக் ‘கண்மூடித்தனமான நம்பிக்கை’ என்று ஒருவன் சொல்ல, அதிலும் கண் வருகிறதே என்று இன்னொருத்தி மறித்தாள். கண் இருந்தும் மூடிக்கொள்கிறவனைத்தானே அது சொல்கிறது என்று அவன் விடவில்லை, மணி அடிக்கும் வரை சண்டை. ஊமை வெயிலுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேகமூட்டத்துக்குள் வேகிற அந்த வெயிலுக்கு வேறு பேர் இல்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ‘ஊமை’ என்பதை ஆளுக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குப் போதும். காது கேளாதவருக்குக் குரல் இருக்கிறது.

ஒளவையாரின் ‘அரிது அரிது’ பாட்டு கடினமான இடம். ‘கூன் குருடு செவிடு பேடு நீங்கிப் பிறத்தல் அரிது’ என்ற வரியை இத்தனை வருடம் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை ஒளிக்கப் போவதில்லை. இப்போது அந்த வரியில் நிறுத்தி, ‘இந்தப் பாட்டை இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும்?’ என்று மட்டும் கேட்கிறேன். போன வருடம் அவளே கை தூக்கி, "பாட்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர், அந்த ஒரு வரி எழுதும்போது ஒளவையார் யார்கிட்டயும் கேட்கலை" என்றாள்.

அதே வகுப்பில் பெருமூளை வாதம் உள்ள ஒரு பையனும் உண்டு. சக்கர நாற்காலி, பேச்சு மெதுவாக வரும். அவன் விஷயத்தில் வகுப்பின் தவறு நேர்மாறானது, அளவுக்கு மீறிய பாசம். பையைத் தூக்குவார்கள், நோட்டு எழுதிக் கொடுப்பார்கள், கேட்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நான்கு பேர் முடித்து வைப்பார்கள். அவன் அம்மா நிற்கும்போது நானே, "தம்பி சாப்பிட்டானா?" என்று அவரிடம்தான் கேட்பேன், தம்பி எதிரில் இருப்பான். இதற்கு வைத்தியம் ஒன்றுதான், காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொன்னேன். பத்து என்பது வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது, ‘எனக்குப் பிடிபடலை, இன்னொரு தடவை சொல்லு’ என்று கேட்க வேண்டும். தலையாட்டினால் அவன் கண்டுபிடித்துவிடுகிறான்.

கிரிக்கெட்டில் அவனுக்கு எப்போதும் ஸ்கோர் எழுதும் வேலை. ஒருநாள் அவன், "நானும் பேட்டிங்" என்றான். பிள்ளைகளே பேசி, அவன் அடிப்பான், ரன்னர் ஒருவன் ஓடுவான், அவனுக்கு வீசும் பந்து தரையோடு உருண்டு வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். முதல் பந்திலேயே அவுட். அவனை இன்னொரு தடவை ஆட விடலாம் என்று நான் சொன்னதை அவனும் ஏற்கவில்லை, பந்து வீசியவனும் ஏற்கவில்லை.

அந்த டிசம்பரில் வழக்கம்போல மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேச அவனைத் தயார் செய்தேன். சேலம் மாவட்டத்து ஏழை வீட்டுப் பிள்ளை, பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உரையை வாசித்துப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "எனக்கு... உயரம் தாண்ட வேண்டாம் டீச்சர். பாத்ரூம் போக... சாய்தளம் வேணும்."

பள்ளியில் சாய்தளம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, யாரும் ஏற முடியாதபடி. கணக்கு ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் அளந்தார்கள். மூன்று படி, படிக்கு 15 செ.மீ., மொத்த உயரம் 45. சாய்தளத்தின் நீளம் 180 செ.மீ. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி, ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். அப்படிப் பார்த்தால் 5.4 மீட்டர் வேண்டும். எங்களுடையது ஒன்றுக்கு நான்கு. அவன் அம்மா தினமும் நாற்காலியைப் பின்னோக்கிச் சாய்த்து இழுத்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்குக் கணக்காகத் தெரிந்தது.

தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் எப்படியும் உண்டு. அந்த வருடம் கற்பனை ஊருக்குத் தெருவிளக்கு கேட்காமல், அளவுகளோடு தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் நிஜக் கடிதம் எழுதினோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை ஒரு மாணவி தேடிப் படித்து, 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் வகை இப்போது இருபத்தொன்று என்பதையும் சேர்த்தாள். கடிதத்துக்கு அது தேவையில்லைதான். ஆனால் அந்தப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருப்பதைப் படித்த பிறகு, நான் ‘சோம்பேறி’ என்று ஒதுக்கிய ஒரு பையனை வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் காட்டினேன். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. சான்றிதழ் வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள், பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் மூச்சு வாங்கும்.

சாய்தளம் ஏழு மாதத்தில் வந்தது. கொடிக்கம்பம் குறுக்கே இருந்ததால் நேராகப் போட முடியாமல், நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிப் போட்டார்கள். ஒரு பக்கம்தான் கைப்பிடி. முதல் நாள் அவன் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினான், யாரும் தொடவில்லை. கழிப்பறை வாசல் வரை போனான். கதவு 60 செ.மீ. அகலம், நாற்காலி 62.

இந்த முறை கடிதத்தை அவனே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டான். தன் கையால்தான் எழுதுவானாம். நேற்று வரை ‘பெறுநர்’ முடித்து, ‘பொருள்’ ஆரம்பித்திருக்கிறான்.